நான் வக்கீல் இல்லை என்று மைக்கில் சொன்ன கதை

சட்டப் படிப்பில் நான் தேறாமல் நின்றது ஒரே ஒரு தாளில்தான். கொலை, திருட்டு, சொத்து, ஒப்பந்தம், அரசியல் சட்டம் எல்லாவற்றிலும் தேறிவிட்டேன். ஒழுக்கத்தில் தேறவில்லை.

அந்தத் தாளுக்குத் தொழில் நெறி என்று பெயர். வக்கீலாகப் போகிறவர்கள் நீதிபதியிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும், கட்சிக்காரரிடம் எப்படி, எதிர்த் தரப்பு வக்கீலிடம் எப்படி என்று அதில் சொல்லிக் கொடுப்பார்கள். எழுத்துத் தேர்வு ஒன்று உண்டு. அதில் எனக்கு ஒரு சிக்கலும் இல்லை. அதற்குப் பிறகு வாய்மொழித் தேர்வு. வைவா என்போம். மேசைக்கு அந்தப் பக்கம் எங்கள் கல்லூரி ஆசிரியர் ஒருவரும், வெளியிலிருந்து வந்த மூத்த வக்கீல் ஒருவரும் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். எனக்கு வாயில்தான் சிக்கல்.

முதல் தடவை போனபோது வெளியிலிருந்து வந்தவர் தங்க பிரேம் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர். ரொம்ப மென்மையாகக் கேட்டார்.

"உங்க கட்சிக்காரர் வந்து, என் பொண்டாட்டிய நான்தான் கொன்னேன்னு உங்ககிட்ட சொல்றார். நீங்க என்ன செய்வீங்க?"

"செருப்பால அடிப்பேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார். "அதுக்கு அப்புறம்?" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிக் கேட்டிருக்கிறார். அது எனக்கு உறைக்கவில்லை.

"அப்புறம் போலீஸ்ல புடிச்சுக் குடுப்பேன் சார்."

போய் வரலாம் என்றார்கள். வந்துவிட்டேன். கட்சிக்காரன் சொன்ன ரகசியத்தை வக்கீல் வெளியே சொல்லக்கூடாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எழுத்துத் தேர்வில் அதையே ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். ஆனால் ஒருத்தன் எதிரில் நின்று பெண்டாட்டியைக் கொன்றேன் என்று சொன்னால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது விதி அல்ல, செருப்பு. அதற்கு நான் என்ன செய்ய?

ஆக, தேறவில்லை. இந்தத் தாள் இல்லாமல் பட்டம் இல்லை. பட்டம் இல்லாமல் பார் கவுன்சிலில் பதிவு இல்லை. பதிவு இல்லாமல் கறுப்புக் கோட்டு இல்லை. ஹாஸ்டலைக் காலி செய்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு உத்திரமேரூர் பஸ் ஏறினேன். அடுத்த வைவா வரும்வரை வீட்டில் இருந்து படிக்க வேண்டும். அதிலும் போனால் அம்மா என்னை நாற்று நடக் கூப்பிட்டுவிடும். எனக்கு நாற்று நட வராது. அதிலும் நான் தேற மாட்டேன்.

இதெல்லாம் தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. எங்கள் வீடு காலனியில். காலனி என்றால் எது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ஊர் முடிகிற இடத்தில் ரோடும் முடியும், அதற்கு அப்பால் நாங்கள் இருப்போம். அம்மா ஊர்த்தெருக்காரர்களின் கழனியில் கூலி வேலை. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, ரேடியோ செட்டு வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடி மாசம் கூழ் ஊற்றுகிறது, எதுவானாலும் ஆம்ப்ளிஃபையரையும் கூம்பு ஸ்பீக்கரையும் மொபெட்டில் கட்டிக்கொண்டு மாமா கிளம்பிவிடுவார். தென்னேரிப் பக்கம் போவார். ராஜகுளம் வரைக்கும் கூடப் போயிருக்கிறார். பனைமரத்தின் உச்சியில் ஸ்பீக்கரைக் கட்டினால் நான்கு ஊருக்குக் கேட்கும்.

ஊர்த்தெருக் கல்யாணங்களில் மாமாவைப் பந்தலுக்கு வெளியேதான் உட்கார வைப்பார்கள். சாப்பாடும் அங்கேயே இலையில் மடித்து வந்துவிடும். ஆனால் அவர் குரல் மட்டும் ஒவ்வொரு வீட்டின் நடுக்கூடத்துக்குள்ளும், சமையலறைக்குள்ளும், பூஜை அறைக்குள்ளும் தாராளமாகப் போய்வரும். அதை யாரும் வாசலில் நிறுத்த முடியாது. மாமாவுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கொஞ்சம் அதிகமாகவே பேசுவார். மைக்கைப் பிடித்தால் அவருக்கு வேறு தமிழ் வந்துவிடும்.

நான் பெட்டியோடு வந்து இறங்கியதை மாமா பார்த்தார். ஐந்து வருஷம் படித்தாயிற்று, பெண் வீடு திரும்பிவிட்டது, அப்படியென்றால் வக்கீல். அவர் கணக்கு அவ்வளவுதான். ஒரு தாள் நிற்கிறது என்று அம்மாவிடம்தான் சொல்லியிருந்தேன். அம்மா அதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு, தம்பியிடம்கூட மூச்சு விடவில்லை.

ஒரு வாரத்துக்குள் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் பக்கத்து ஊர்ப் பெரியவர். வாசலில் குந்தி உட்கார்ந்துகொண்டார்.

"யம்மா, என் ஆட்ட புடிச்சு கட்டி வச்சிக்கினு வுட மாட்டேன்றான். அவன் கத்திரிக்கா செடிய மேஞ்சிட்சாம். அது வாயில்லாத ஜீவன். அத்த போய் ஜெயில்ல வைக்கிற மாதிரி வச்சிக்கினு கீறான். ஒரு கேஸு போடு."

"தாத்தா, நான் இன்னும் வக்கீல் ஆவல. ஒரு பரீட்சை பாக்கி கீது."

"மீதியெல்லாம் எய்திட்டியா?"

"எய்திட்டேன்."

"அப்போ முக்கா வக்கீலு. ஆடுதானே, மாடா கேக்குறேன்? முக்கா வக்கீலு போதும்."

என்ன சொல்லியும் அவர் எழுந்து போகவில்லை. கடைசியில் அவரோடு போய்க் கத்திரித் தோட்டக்காரரிடம் நான் கத்தின கத்தலில் ஆடு திரும்பி வந்தது. அதற்குச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. அடுத்து மடைத் தண்ணீர்த் தகராறு வந்தது. மருமகள் மேல் கேஸ் போட வேண்டும் என்று ஒரு மாமியார் வந்தாள். அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் மாமியார் மேல் கேஸ் போட வேண்டும் என்று அதே மருமகள் வந்து நின்றாள். இவர்களுக்கெல்லாம் யார் சொன்னது என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "ரேடியோ செட்டுல சொன்னாங்க."

எனக்கு அப்போதும் முழுசாக விளங்கவில்லை. மாமா என்னைப் பற்றிப் பெருமையாக ஏதோ இரண்டு வார்த்தை பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். நிலைமை தெரிந்தது ஒரு முகூர்த்த நாள் காலையில்.

வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் படித்தது வக்கீல்கள் விளம்பரம் செய்துகொள்வதைத் தடை செய்கிற விதி. எனக்கு எதையும் வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். வக்கீல் தனக்கு வேலை தேடி விளம்பரம் செய்யக்கூடாது. நேரடியாகவும் கூடாது, சுற்றி வளைத்தும் கூடாது. ஆள் வைத்து வழக்குப் பிடிக்கக்கூடாது. பெயர்ப் பலகைகூட நியாயமான அளவில்தான் இருக்க வேண்டும். இப்படிச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருக்கும்போது திருப்புலிவனம் பக்கமிருந்து காற்று திரும்பியது. காற்றோடு மாமாவின் குரலும் வந்தது.

"அன்பார்ந்த பொதுமக்களே! கொலையா, களவா, பாகப்பிரிவினையா, எந்த வழக்காக இருந்தாலும் கவலை வேண்டாம்! நமது காலனியின் வீரமங்கை, பட்டணத்து நீதிபதிகளையே நடுநடுங்க வைத்த பெண் சிங்கம், என் உடன்பிறந்த அக்காவின் மகள், வக்கீல் அம்மா அவர்கள் உங்கள் பகுதிக்கு வந்துவிட்டார்! தோல்வி என்ற பேச்சுக்கே இடமில்லை! அணுக வேண்டிய முகவரி, வேப்பமரத்து வீடு!"

நான் வேப்பமரத்தை நிமிர்ந்து பார்த்தேன். பிறகு மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தேன். அந்த விதியில் எதையெல்லாம் செய்யக்கூடாது என்று இருந்ததோ, அத்தனையையும் மாமா ஒரே மூச்சில் செய்து முடித்திருந்தார். போதாததற்கு நான் வக்கீலே இல்லை. வக்கீல் இல்லாதவள் வக்கீல் என்று சொல்லித் திரிந்தால் அது வேறு தப்பு. வைவாவில் இதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், கோட்டு இந்த ஜென்மத்தில் கிடையாது.

சைக்கிளை எடுத்தேன். தலைகூட வாரவில்லை. வயல் ஓரமாகக் குறுக்கு வழியில் மிதித்துக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் ஸ்பீக்கர் என்னைப் புகழ்ந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் போகப் போக என் பெருமை இன்னும் சத்தமாகக் கேட்டது.

கல்யாணம் ஊர்த்தெருவில், கொஞ்சம் நிலபுலன் உள்ள வீட்டில். தெருவையே அடைத்துப் பந்தல். மாமா வெளியில் புளியமரத்தடியில் ஆம்ப்ளிஃபையரோடு உட்கார்ந்திருந்தார். பந்தலுக்குள் மாப்பிள்ளையும் பெண்ணும் மணையில் இருந்தார்கள். தாலித் தட்டு சுற்றி வந்துகொண்டிருந்தது. இதையெல்லாம் நான் அப்போது கவனிக்கவில்லை. சைக்கிளைப் போட்டுவிட்டு மாமாவின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன்.

"நிறுத்துங்க! எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க! இந்தக் கல்யாணத்துல ஒரு பொய்ய சொல்லிக்கினு கீறாங்க! இதுக்கு மேல நான் சும்மா இருக்க முடியாது!"

ஆம்ப்ளிஃபையர் கீச்சென்று கத்தியது. நாதஸ்வரம் நின்றது. பந்தல் மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்துக்கு, தலைவிரி கோலமாக, மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு வயசுப் பெண் வந்து மைக்கைப் பிடித்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தோன்றிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா நின்ற இடத்திலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். அதுவரைக்கும் தலையைக் குனிந்திருந்த மணப்பெண் நிமிர்ந்து மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். யோசித்தான். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப சிரத்தையாக யோசித்தான். ஒன்றும் செய்யாதவன் அவ்வளவு நேரம் யோசிக்க வேண்டியதில்லை என்று பிற்பாடு எனக்குப் பட்டது.

"யாருடி நீ?" பெண் வீட்டுக்காரர் ஒருவர் துண்டை உதறிக்கொண்டு வந்தார். "இன்னா வேணும் உனுக்கு? எத்தினி மாசம்?"

"அடுத்த மாசம்!" என்றேன். நான் சொன்னது வைவாவை.

பின்னால் யாரோ ஐயோ என்றார்கள். மாமா என் கையைப் பிடித்து இழுத்தார். "பாப்பா, இன்னா பண்றே? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அவன் வூட்லயே போயி…"

அவரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்! எனக்கு இன்னும் கோபம் ஏறியது. மைக்கை வாயோடு வைத்துக் கத்தினேன்.

"நான் வக்கீல் இல்ல! இவரு சொல்றத யாரும் நம்பாதீங்க! ஒரு பரீட்சைல பெயிலு! ஒழுக்கப் பரீட்சைல பெயிலு! பாஸ் பண்ற வரிக்கும் ஒரு கேஸையும் எங்கிட்ட கொண்டாராதீங்க! பாஸ் பண்ணாலும் இந்த மாதிரி மைக்குல சொல்லக்கூடாதுன்னு சட்டம் கீது! அவ்ளோதான்!"

பிறகு பந்தலின் கடைசியிலிருந்து ஒரு கிழவர் கேட்டார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"மாப்ளைக்கும் உனுக்கும்?"

"எந்த மாப்ள?"

அங்கே எழுந்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கு ஸ்பீக்கரே தேவையில்லை. மாப்பிள்ளைக்கு மட்டும் சிரிப்பு வர நேரமானது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து ஓடிவந்தாள். "எங்குலசாமி! என் வயித்துல பால வாத்தேடி!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மேளம் கொட்டியது, தாலி ஏறியது. அந்தம்மா என் கையை விடவே இல்லை. இழுத்துக்கொண்டு போய் முதல் பந்தியில் உட்கார வைத்துவிட்டாள்.

நான் யார் வீட்டுப் பெண் என்று அந்தப் பந்தலில் எல்லாருக்கும் தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆனால் உட்கார வைத்தது மாப்பிள்ளையின் அம்மா. கல்யாணம் நின்றுபோகாத சந்தோஷத்தில் அவளுக்கு அன்றைக்கு எதுவும் கண்ணில் படவில்லை. மறுநாள் பட்டிருக்கும். நான் நன்றாகச் சாப்பிட்டேன். வெளியே புளியமரத்தடியில் மாமாவுக்கு மடித்த இலை போனதைப் பார்த்தபோதுதான் கையில் எடுத்த வடையை இலையிலேயே வைத்தேன்.

பக்கத்து இலையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர். பெண் வீட்டுப் பக்கத்து ஆள், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் மாதிரி இருந்தார். ரசத்துக்கு வரும்வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு, "எந்தக் காலேஜும்மா?" என்றார். சொன்னேன். "எந்தப் பேப்பர் நிக்குது?" சொன்னேன். "ஏன் போச்சு?" அதையும் சொன்னேன். செருப்பு என்றதும் அவருக்குப் புரையேறியது. தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் தள்ளினேன். மோருக்கு நிற்காமல் எழுந்து போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அம்மா என்னைக் கிழித்துத் தோரணம் கட்டியது.

"என் தம்பிய ஊர்ஜனம் முன்னாடி பொய்யன்னு சொல்லிட்டியேடி! அவன் இன்னா உன்ன திருடின்னா சொன்னான்? வக்கீலுன்னுதானே சொன்னான்?"

"நான் வக்கீல் இல்லியேம்மா."

"ஆவப் போறேல்ல? ரெண்டு மாசம் முன்ன பின்ன சொன்னா இன்னா இப்போ? நாத்து வுட்டதுமே நெல்லு வயலுன்றோம். அத்த இன்னா பொய்யின்றியா?"

இதற்கு எந்தச் சட்டப் புத்தகத்தில் பதில் இருக்கிறது? மாமா அன்றையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். தெருவில் எதிரில் வந்தால் மொபெட்டை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போனார். கல்யாணங்களில் பாட்டு மட்டும் போட்டார். பேச்சே இல்லை. ரேடியோ செட்டுக்கு இன்னா ஆச்சு, ஊமையாட்டம் பாடுது என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் வேப்பமரத்தடியில் கூட்டம் குறையும் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் ஏமாந்தேன். இரண்டு மடங்கானது. முன்பு காலனி ஆட்களும் அக்கம்பக்கத்து ஆட்களும் வந்தார்கள். இப்போது ஊர்த்தெருவிலிருந்தும் வந்தார்கள். ஒரு அம்மாள் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்து எட்ட நின்று கேட்டாள்.

"நீதானே கல்யாணத்துல மைக்க புடுங்கி வக்கீலு இல்லன்னு சொன்ன வக்கீலு?"

"நான் வக்கீல் இல்லம்மா."

அவள் தங்கையின் பக்கம் திரும்பினாள். "பாத்தியாடி? சொன்னேன்ல? இவுளுக்குப் பொய்யே வராது. இவுளாண்டயே குடுத்துடலாம்."

மறுக்க மறுக்க வந்தார்கள். கத்தினால், ரோசமான வக்கீல் என்றார்கள். கதவைச் சாத்தினால், ரொம்ப வேலை போல என்று திண்ணையில்லாத வாசலில் மண்ணிலேயே உட்கார்ந்து காத்திருந்தார்கள். எல்லாரையும் கோர்ட்டில் இருக்கிற இலவச சட்ட உதவிக்குப் போகச் சொல்லி அனுப்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கினதும் புரோக்கர் கையில் மாட்டாதீர்கள், நேராக உள்ளே போங்கள் என்று மட்டும் எல்லாரிடமும் சொன்னேன். எங்கள் ஆட்களைப் பஸ் ஸ்டாண்டிலேயே மடக்கி, சந்தையில் மாட்டை ஓட்டுவது மாதிரி ஓட்டிக்கொண்டு போகிற புரோக்கர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த விதி எதற்காக இருக்கிறது என்று அவர்களைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. மாமாவை அந்தக் கூட்டத்தோடு சேர்க்க மட்டும் மனசு வரவில்லை.

வைவா நாள் வந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்துப் பட்டணம் போனேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஆசிரியர். அவர் பக்கத்தில் வெள்ளைச் சட்டையின் மேல் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, ரசத்தோடு எழுந்து போனவர் உட்கார்ந்திருந்தார்.

பயந்தால் எனக்கு வாய் நீளும்.

"சார், நீங்களும் நானும் ஒரே பந்தியில சாப்பிட்டிருக்கோம். நீங்க என்னைக் கேள்வி கேக்கறது முறையா?"

ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டைக்காரர் மட்டும் அசரவில்லை. "சாப்பாட்டை நான் பாதியிலேயே விட்டுட்டேன். உங்களாலதான். அதனால எனக்கு உங்க மேல பாசமும் இல்லை. உட்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன்.

"ஒரு வக்கீலோட தாய்மாமா, ஸ்பீக்கர் கட்டி, எந்த வழக்கானாலும் தோல்வி இல்லைன்னு ஊர் ஊரா சொல்றார். இது விளம்பரமா இல்லையா?"

"விளம்பரம்தான் சார்."

"அப்போ அந்த வக்கீல் விதியை மீறினாரா?"

"அந்த விதி வக்கீலுக்குத்தான் சார். நான் வக்கீல் இல்ல. நீங்க பாஸ் போட்டாதான் ஆவேன். பாஸ் போடலன்னா நான் விதியை மீறல. மீறாதவளை எதுக்கு பெயில் பண்றீங்க? பாஸ் போட்டீங்கன்னா, மீறினவளுக்கு எதுக்கு பாஸ் போட்டீங்கன்னு நான் கேக்க மாட்டேன்."

ஆசிரியர் இருமினார். வெளியிலிருந்து வந்தவர் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"சரி. நீங்க மைக்கைப் பிடுங்கி மறுப்பு சொன்னீங்க. நான் இருந்தேன். அதுக்கப்புறம் உங்களைத் தேடி வர்ற ஆட்கள் குறைஞ்சாங்களா, கூடினாங்களா?"

இதற்குப் பொய் சொல்லியிருக்கலாம். குறைந்தார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. வாய் கேட்கவில்லை.

"கூடிட்டாங்க சார்."

"அப்போ உங்க மாமா செஞ்சதைவிட நீங்க செஞ்சதுதானே பெரிய விளம்பரம்?"

அவ்வளவு நாள் அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். பதில் இல்லாதபோது எனக்குக் கோபம்தான் வரும். வந்தது.

"அப்படித்தான் வச்சுக்கங்க சார். ஆனா எங்க பக்கத்துல நான் ஒருத்திதான் வக்கீலுக்குப் படிச்சிருக்கேன். அப்பன் பேரு, தாத்தன் பேரு போட்ட போர்டு ஏற்கெனவே தொங்குற வூட்டுப் பசங்களுக்கு விளம்பரம் எதுக்கு? அந்த போர்டே விளம்பரம்தானே? அதை நியாயமான அளவுன்னு சொல்றீங்க. எங்க மாமாகிட்ட போர்டு இல்ல. ஸ்பீக்கர்தான் இருக்கு. அதுக்காக அவரு செஞ்சது சரின்னு சொல்லல. தப்பு. தப்புன்னு ஊர் முன்னாடி சொன்னேன். அதுலேர்ந்து அவரு என்னோட பேசறதில்ல. வந்த கேஸுல ஒண்ணுகூட நான் தொடல. எல்லாரையும் இலவச சட்ட உதவிக்கு அனுப்பிட்டேன். இதுக்கு மேல ஒழுக்கமா இருக்கறதுன்னா நான் ஊரை விட்டுத்தான் போகணும்."

சத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. வெளியே காத்திருந்த பையன்கள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார்கள். வெளியிலிருந்து வந்தவர் ஏதோ எழுதினார். அது என் பெயருக்கு நேராகவா, வேறு எங்கேயாவதா என்று தெரியவில்லை. பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்.

"கடைசிக் கேள்வி. கட்சிக்காரர் ஒருத்தர் வந்து, என் பொண்டாட்டிய நான்தான் கொன்னேன்னு சொல்றார்."

ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அவரு சொன்னதை வெளியில ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார். கோர்ட்டுல பொய் சாட்சி கொண்டாந்து நிறுத்தவும் மாட்டேன். அரசுத் தரப்பு நிரூபிக்கட்டும்."

"செருப்பு?"

"காலுலயே இருக்கும் சார்." நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "கையி அரிக்கும். அதுக்கு விதி எதுவும் இல்லியே?"

"போகலாம்" என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நாற்று நடுவதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

தேறிவிட்டேன். தேறுவதற்கு என்ன மதிப்பெண்ணோ அதுவேதான், ஒன்றுகூட மேலே இல்லை. அந்த மனுஷன் எனக்கு நல்ல மதிப்பெண் போட்டிருந்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும். பார் கவுன்சிலில் பதிவு செய்து, அம்மாவுக்குப் போட்டுக் காட்டுவதற்காகக் கோட்டை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். வீட்டுக்குப் போகவில்லை. நேராக மாமா வீட்டுக்குப் போனேன். மாமா வாசலில் ஸ்பீக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைக் கூம்புக்குள் விட்டுக்கொண்டு துடைத்தார்.

"மாமா, பாஸ் ஆயிட்டேன்."

மாமா துடைப்பதை நிறுத்தவில்லை.

"கோட்டு வந்துட்சு மாமா."

கூம்புக்குள்ளிருந்தே குரல் வந்தது. "நெசமாவா, இல்ல பரீட்சை எதுனா பாக்கி வச்சிக்கினு கீறியா?"

"நெசமா."

மாமா தலையை வெளியே எடுத்தார். கண் சிவந்திருந்தது. உள்ளே தூசி என்று சொன்னார். கோட்டை வாங்கித் தடவிப் பார்த்தார். பொத்தானை எண்ணுவது மாதிரி தொட்டுப் பார்த்தார்.

"அப்போ இப்போ சொல்லலாமா?"

"எத்த?"

"நீ வக்கீலுன்னு. மைக்குல."

"மாமா, இப்போதான் சொல்லவே கூடாது. முன்னாடி சொன்னா பொய்யி. இப்போ சொன்னா குத்தம். கோட்ட புடுங்கிடுவாங்க."

மாமா கோட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"ஆவறதுக்கு முன்னாடியும் சொல்லக்கூடாது. ஆனதுக்கு அப்பறமும் சொல்லக்கூடாது. அப்போ எப்பதான்டி சொல்றது?"

"எப்பவுமே இல்ல மாமா."

"இன்னா சட்டம்டி இது, பேஜார் புடிச்ச சட்டம்" என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் கோட்டு என்னுடையது. அதனால் சொல்லவில்லை.

ஆடி மாசம் எங்கள் காலனி அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். மாமாவின் செட்டுதான். பனைமரத்தில் ஸ்பீக்கர். நான் கோயில் வாசலில் கூழ்ச் சொம்போடு வரிசையில் நின்றிருந்தேன். பாட்டு நின்றது. மாமா தொண்டையைச் செருமினார். வெகு நாளைக்குப் பிறகு அவர் மைக்கில் பேசப் போகிறார் என்றதும் கூட்டம் அமைதியானது.

"அன்பார்ந்த பொதுமக்களே! எனது அக்காவின் மகளைப் பற்றி நான் எதுவும் சொல்லக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆகையால் நான் எதுவும் சொல்லவில்லை! அவர் பரீட்சையில் தேறிவிட்டார் என்று நான் சொல்லவில்லை! அவரிடம் கறுப்புக் கோட்டு இருக்கிறது என்பதையும் நான் சொல்லவில்லை! அவர் இதோ கூழ் வரிசையில், பச்சைப் புடவையில் நிற்கிறார் என்று யாருக்கும் நான் கை காட்டவில்லை! வேப்பமரத்து வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டால், எனக்குத் தெரியாது!"

கூட்டம் முழுக்கப் பச்சைப் புடவையைத் திரும்பிப் பார்த்தது. ஆட்டுக்காரப் பெரியவர் வரிசையைப் பிளந்துகொண்டு என் பக்கம் வர ஆரம்பித்தார்.

நான் சொம்பைக் கீழே வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபையரின் வயரைத் தேடி ஓடினேன். மாமா அந்த வருஷம் வயரை என் கைக்கு எட்டாத உயரத்தில் மரத்தின் மேல் கட்டியிருந்தார்.